28 மாத்திரை அட்டைக்கு நாலு நட்சத்திரம், உள்ளே இருந்த தாளுக்கு ஒன்று

நான் போடுவது 21 வெள்ளை மாத்திரையும் 7 பழுப்பு மாத்திரையும் இருக்கிற கருத்தடை மாத்திரை அட்டை. பிராண்டு பெயர் வேண்டாம், உள்ளே என்ன மருந்து என்பதுதான் கணக்கு. வெள்ளையில் இரண்டு ஹார்மோன்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடயால் 0.03 மி.கி. பழுப்பில் வெறும் இரும்புச்சத்து. அரசு ஆஸ்பத்திரியில் மாலா-என் என்று இலவசமாகக் கொடுப்பதிலும் இதே மருந்து, இதே அளவுதான்.

சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்ததும் ஆரம்பித்தேன். முதல் மாதம் காலையில் போட்டேன், பஸ்ஸில் ஏறினாலே குமட்டியது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினேன், சரியாகிவிட்டது. இடையில் ஓரிரு தடவை லேசாகத் தீட்டுப் பட்டது, மூன்றாவது அட்டையோடு அதுவும் நின்றது. இப்போது மாதவிலக்கு தேதி தவறுவதில்லை, முன்பு மாதிரி இரண்டு நாள் சுருண்டு படுக்கவும் வேண்டியதில்லை. எனக்கு இது போதும்.

நாலு நட்சத்திரத்தோடு பேசாமல் முடித்திருப்பேன். ஆனால் 2025 பிப்ரவரியில் தென்காசியிலிருந்து மைனி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார்கள். சிவப்பு எழுத்தில், ‘கருத்தடை மாத்திரை: பக்கவாதம், மாரடைப்பு அபாயம் இரு மடங்கு’. கீழே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் படம். அதற்கும் கீழே மைனியின் ஒரு வரி: “ரெண்டு பிள்ளைய வச்சிருக்க, பார்த்துக்கோ.”

அன்று நான் பன்னிரண்டாவது மாத்திரையில் இருந்தேன். அட்டையைத் தூக்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் உதிரம் ஆரம்பித்து ஐந்து நாள் போனது. அதன்பிறகு காலண்டரில் நாள் எண்ணி எண்ணிப் பயந்ததுதான் மிச்சம். மாரடைப்புக்குப் பயந்து மாத்திரையை விட்டவள், அடுத்த இரண்டு வாரம் மூன்றாவது பிள்ளைக்குப் பயந்தேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், நான் திருநெல்வேலியில் ஒரு நகைக்கடையில் பில் போடுகிறவள். ‘சேதாரத்தில் 50% தள்ளுபடி’ என்ற போர்டுக்குக் கீழேதான் என் நாற்காலி. விவரம் தெரிந்த ஆச்சிகள் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “மொதல்ல சேதாரம் எத்தனை பர்சென்ட்டு? அதைச் சொல்லு.” இருபதில் பாதியும் எட்டில் பாதியும் ஒன்றா? தினமும் இதைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கிற நான், ‘இரு மடங்கு’ என்றதும் எதற்கு இரு மடங்கு என்று கேட்கவில்லை.

பாளையங்கோட்டையில் நான் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். அந்தச் செய்தி பொய் இல்லை என்றுதான் ஆரம்பித்தார். டென்மார்க்கில் 20 லட்சம் பெண்களின் 1996 முதல் 2021 வரையிலான பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு அது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: ஒரு லட்சம் பெண்கள், ஒரு வருஷம். மாத்திரை எதுவும் போடாதவர்களில் ரத்தக்கட்டால் வரும் பக்கவாதம் 18 பேருக்கு, என் மாத்திரை மாதிரி இரண்டு ஹார்மோன் கலந்தது போட்டவர்களில் 39 பேருக்கு. மாரடைப்பு போடாதவர்களில் 8 பேருக்கு, போட்டவர்களில் 18 பேருக்கு. ஆக இரு மடங்கு சரிதான். ஆனால் கூடுதல் எவ்வளவு என்று பார்த்தால், 4,760 பெண்கள் ஒரு வருஷம் முழுக்கப் போட்டால் ஒருவருக்குப் பக்கவாதம், 10,000 பேர் போட்டால் ஒருவருக்கு மாரடைப்பு. ஆயிரம் நாற்காலி போடுகிற கல்யாண மண்டபம் ஐந்தை நினைத்துக்கொண்டேன். ஐந்தும் நிறையப் பெண்கள், அதில் ஒருத்தி. அந்த ஒருத்தி யாருக்கோ அம்மா என்பதும் மனதில் ஓடாமல் இல்லை.

மாத்திரை போடாமலே வரும் அந்த 18 பேர் கணக்கைக் காட்டி, “உன் 18 வேற, இன்னொருத்தியோட 18 வேற” என்றார் டாக்டரம்மா. ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள், 35 வயதுக்கு மேல் புகை பிடிப்பவர்கள், கண்ணில் மின்னல் கோடு ஓடிவிட்டு ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், முன்பே ரத்தக்கட்டு வந்தவர்கள் எல்லாம் இந்த மாத்திரைப் பக்கமே வரக்கூடாதாம். குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் ஆகாது. என் பி.பி. 112/74. “சிகரெட் உண்டா?” என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார், இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

காலில் ரத்தம் உறைவதைப் பற்றியும் கேட்டேன். ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் சொன்ன கணக்கு: வருஷத்துக்கு 10,000 பெண்களில் மாத்திரை போடாதவர்களுக்கு 2, என்னுடையது மாதிரி லெவோநார்ஜெஸ்ட்ரல் வகைக்கு 5 முதல் 7, ட்ரோஸ்பைரினோன் என்ற வேறொரு ஹார்மோன் இருக்கிற வகைக்கு 9 முதல் 12. மாத்திரைக்கு மாத்திரை இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, ‘கருத்தடை மாத்திரை’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிற செய்தியை என்ன செய்வது? கர்ப்ப காலத்தில் இந்த அபாயம் மாத்திரையைவிட அதிகம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். மைனியின் செய்தியில் அந்த வரி இல்லை.

நான் செய்த கூத்தை ஒரு நாடே முன்பு செய்திருக்கிறது. 1995 அக்டோபரில் பிரிட்டனில், புதுவகை மாத்திரைகளில் ரத்தக்கட்டு அபாயம் இரு மடங்கு என்று அரசுக் குழு எச்சரித்தது. நிஜத்தில் அது 7,000 பேரில் ஒருவர் என்பது இருவர் ஆனது, அவ்வளவுதான். ஆனால் பயந்துபோய்ப் பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடின. படித்ததும் என் அரிசி டப்பாதான் ஞாபகம் வந்தது.

இனி அந்தத் தாள். எட்டாக மடித்து அட்டையோடு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலமும் இந்தியும் மட்டும், தமிழ் கிடையாது. எழுத்து கடுகை விடச் சின்னது, போனில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். தலைவலி, மார்பு கனம், பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் எல்லாம் ஒரே வரிசையில், காற்புள்ளி போட்டு. எது நூறில் பத்துப் பேருக்கு வருவது, எது லட்சத்தில் பத்துப் பேருக்கு என்று ஒரு எண் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு 2017-இல் வந்த இன்னொரு டென்மார்க் ஆய்வு 20% அதிகம் என்றது, அதாவது 7,690 பெண்கள் ஒரு வருஷம் எடுத்தால் கூடுதலாக ஒருவர். சினைப்பை, கருப்பை உட்சுவர் புற்றுநோய்கள் இந்த மாத்திரையால் குறைகின்றன. இந்த இரண்டு வரியை அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்? அட்டையில் நாள் பெயர்களாவது தமிழில் இருந்திருந்தால் இன்னொரு நட்சத்திரம் போட்டிருப்பேன்.

மைனிக்கு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, “எனக்கு பி.பி. மாத்திரை ஓடுதே, அப்ப நான் போடக்கூடாதா?” என்று கேட்டார்கள். கூடாது மைனி என்றேன். காப்பர்-டி பற்றிக் கேட்டுவர வரும் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போகிறோம். எனக்கும் பி.பி. பார்க்க நாளாகிவிட்டது.