ஊட்டியில் பழைய கம்பளியைக் கிலோக் கணக்கில் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் திருப்பூர்க்காரி. பனியன் கம்பெனி செக்கிங்கில் 14 வருடம். துணியைத் தடவி, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டையும் கறையும் எண்ணித்தான் மாசச் சம்பளம் வாங்குகிறேன். அப்பேர்ப்பட்ட என் தலையில் ஊட்டியில் ஒரு ஆள் அக்ரிலிக் என்கிற செயற்கை நூல் துணியைக் கம்பளி என்று கட்டிவிட்டார், அதையும் எடையில் அடித்து. ஒரு வாரம் கம்பெனியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இப்போது கோபம் வெட்கத்தை மிஞ்சிவிட்டதால் எழுதுகிறேன்.

மே இரண்டாம் வாரம் நான், வீட்டுக்காரர், பையன், மாமியார் நாலு பேரும் போனோம். இ-பாஸ் எடுத்து, சீசன் என்பதால் குன்னூர் வழி ஏறி, திரும்பும்போது கோத்தகிரி வழி இறங்க வேண்டும், அதெல்லாம் உங்களுக்கே தெரியும். குன்னூரில் ஒரு சின்ன டீக்கடையில் அப்போதுதான் வந்த வர்க்கி கொடுத்தார்கள். சூடு ஆறவில்லை, டீயில் முக்கினால் ஏடு ஏடாக ஊறுகிறது, ஆனால் உடைந்து கிளாசில் விழவில்லை. மொத்தப் பயணத்தில் வாயும் மனசும் ஒன்றாக நிறைந்தது அங்கே மட்டும்தான், நாலு பேருக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

எனக்குப் பழைய துணி என்றால் கிறுக்கு. நாள் முழுக்கப் புதுத் துணியையே பார்க்கிறவளுக்குப் பழைய தையல் மேல் ஒரு மோகம் வரும் போலிருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் பழைய சாமான் கடை, ஏலக்கடை, பிளாட்பாரத்தில் குவித்து விற்கும் சட்டை, எதையும் விடமாட்டேன். ஊட்டி என்றால் இன்னும் ஆசை, எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது நல்ல நல்ல கோட்டெல்லாம் வெளியே வரும் என்று யாரோ சொன்னது மண்டையில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

சாப்பாட்டில் ஆரம்பித்தது வினை. கமர்ஷியல் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு ஏற்றத்தில் ‘படகர் வீட்டுச் சாப்பாடு’ என்று எழுதிய ஒரு மெஸ். நீலகிரிப் படகர் மக்களின் சமையலில் அவரைக்கொட்டையைப் போட்டு வைக்கும் உதக்கா என்ற குழம்பை முன்பு என்னோடு வேலை பார்த்த கோத்தகிரிப் பெண் ஒருத்தி டிபன் பாக்ஸில் கொண்டுவருவாள். அவர்கள் வீட்டு மசாலாப் பொடியின் வாசம் தனி, மறக்கவே மறக்காது. அந்த நினைப்பில் உள்ளே போனேன். கார்டில் விலை இல்லை. கேட்டதற்கு, “சாப்பாடு 250 தானுங்கக்கா” என்றார்கள். வந்தது பச்சரிசிச் சோறு, நம்மூர்க் கல்யாண மண்டபத்துச் சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், அப்புறம் ஒரு கிண்ணத்தில் மொச்சை மிதந்த குருமா. அதுதான் உதக்காவாம். மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, “இது நம்ம முக்கு மெஸ்ஸு குருமாதானே கண்ணு” என்றார்.

பில்லில் சாப்பாடு 1,000, சர்வீஸ் சார்ஜ் 100, அதற்கும் மேல் ஜிஎஸ்டி 55. சர்வீஸ் சார்ஜை ஓட்டல்காரர்கள் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றது. இதைப் பாதி சொல்வதற்குள்ளேயே கல்லாவில் இருந்தவர் பேனாவை எடுத்து அந்த 100-ஐ அடித்துவிட்டார். அவ்வளவு வேகம் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அடிக்கிறாரோ. ஜிஎஸ்டி மட்டும், “அது கவர்ன்மென்ட்டுக்குங்க.” பில்லில் ஜிஎஸ்டி எண் எங்கே என்றால் பேச்சில்லை. எண் போடாத பில்லில் வரி வாங்கினால் அது எந்தக் கவர்ன்மென்ட்டுக்குப் போகும் என்று தெரியவில்லை. மழை தூற ஆரம்பித்ததால் 1,055 கொடுத்துவிட்டு எழுந்தோம். சண்டை போட்டு நூறு ரூபாயை மிச்சம் பிடித்த பெருமை வேறு எனக்கு.

அந்தப் பெருமையோடு இருந்தபோதுதான் கல்லாக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார், “அக்கா துணி விவரம் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கீங்க, மேல நம்மாளு ஒருத்தர் பழைய கம்பளி கிலோக் கணக்குல போடறார், பாக்கறீங்களா?” மாமியார் அவரிடம் திருப்பூரைப் பற்றிப் பேசியிருப்பார் போல. வீட்டுக்காரர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மாடியில் ஒரே அறை. ஒரு டியூப்லைட், அதுவும் மினுக்கிக்கொண்டு. கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் மூக்கில் ஏறியது. என்னை விழவைத்தது அந்த வாசம்தான். அந்துப்பூச்சி தின்னுவது கம்பளி, பட்டு மாதிரி விலங்கிலிருந்து வருகிற நூலை, செயற்கை நூலில் அதற்கு என்ன கிடைக்கும். பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறார்கள் என்றால் அசல் கம்பளியாகத்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். “கப்பல்ல வந்த சரக்குங்கக்கா, வெள்ளைக்காரன் போட்டது” என்றார் கடைக்காரர். உடுத்திய துணியை வெளிநாட்டிலிருந்து இறக்க லைசென்ஸ் வேண்டும், வருகிற கம்பளியில் பெரும்பகுதி வெட்டின கந்தலாகப் பானிப்பட்டுக்குப் போய்த் திரும்ப நூலாகிறது, இதெல்லாம் தொழிலில் இருக்கிற எனக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன்.

ஒரு கோட்டைக் காட்டினார். பழுப்பும் சாம்பலும் கலந்த மீன்முள் நெசவு, உள்ளே சாட்டின் லைனிங், கழுத்தில் ‘ஹாரிஸ் ட்வீட்’ லேபிள். விவரம் தெரியாதவர்களுக்கு: அது ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள தீவுகளில் நெசவாளர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்கிற கம்பளித் துணி. அதைக் காப்பாற்றவென்றே பிரிட்டனில் 1993-ல் தனிச் சட்டம் போட்டார்கள். உருண்டை மேல் சிலுவை வைத்த முத்திரை இல்லாமல் அந்தப் பெயரில் விற்க முடியாது. லேபிளில் முத்திரை இருந்தது. எனக்குக் கை நடுங்கியது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, பேரம் போய்விடுமே. கிலோ 450 என்றார். இரண்டு கோட், மூன்று ஸ்வெட்டர், ஒரு போர்வை, பையனுக்கு ஒரு ஜாக்கெட்.

தக்காளி ஏற்றுகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தராசில் வைத்து எல்லாவற்றையும் அதில் போட்டார். எண் தெரிகிற பக்கம் அவர் பார்க்க இருந்தது. “எட்டு நானூறுங்கக்கா, 3,780 வருது, நீங்க 3,750 குடுங்க.” முப்பது ரூபாய் குறைத்தாரே என்று நன்றி சொல்லிவிட்டு ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் எடையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்து மறுநாள் வெளிச்சத்தில் விரித்தேன். லேபிள் தைத்திருந்த நூல் பளபளவென்று புது பாலியஸ்டர் நூல். அதைச் சுற்றி லைனிங்கில் வரிசையாக ஊசி ஓட்டைகள், இதைவிடப் பெரிய லேபிள் ஒன்று அங்கே இருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது. பக்கத் தையலில், என்ன நூல், எப்படித் துவைப்பது என்று எழுதியிருக்கும் வாஷ்கேர் லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரி வைத்து வெட்டியது போக அடிக்கட்டை மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் அப்படியே. பையனின் ஜாக்கெட்டில் மட்டும் வெட்ட மறந்துவிட்டார்கள், 100 சதவீதம் அக்ரிலிக்.

அடுப்படியில் தட்டை வைத்துக் கோட்டின் ஓரத்திலிருந்து நாலு நூல் உருவிக் கொளுத்தினேன். கம்பளி என்றால் தலைமுடி கருகிய நாற்றம் வரும், மெதுவாக எரிந்து தானாக அணையும், சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகும். இது கரும்புகை விட்டுக்கொண்டு பிடித்து எரிந்து, கடைசியில் கறுப்பாக ஒரு குண்டுமணியாகச் சுருண்டது. நகத்தால் அழுத்தினேன், நசுங்கவில்லை. ஸ்வெட்டருக்கும் குண்டுமணி, போர்வைக்கும் குண்டுமணி. தட்டில் ஏழு குண்டுமணி. “என்ன, மிளகு வறுக்கறியா?” என்று கேட்டுக்கொண்டு வந்தார் வீட்டுக்காரர்.

அப்புறம்தான் எடை ஞாபகம் வந்தது. கம்பெனித் தராசில் வைத்தேன், 6.650. ஒன்றே முக்கால் கிலோ காணோம், 787 ரூபாய் 50 காசு. அந்த ஆளுக்குப் போன் போட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. “அக்கா, ஊட்டிப் பனிங்க. கம்பளி ஈரம் குடிக்கும், கீழ வெயிலுக்குப் போனா காயும், எடை குறையத்தான் செய்யும்.”

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள், அவர் சொன்னதில் பொய் இல்லை. 100 கிராம் கம்பளி 30 கிராம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், தொட்டால் ஈரமே தெரியாது. நூல் வியாபாரத்தில் இதற்கென்றே ஈரப்பதக் கணக்கு உண்டு, பருத்திக்கு 8.5 சதவீதம், கம்பளிக்கு 16-க்குப் பக்கம். ஆனால் அக்ரிலிக்குக்கு அது 2 சதவீதத்தைக்கூடத் தாண்டாது. அது தண்ணீர் குடிக்காத ஜாதி. 8.400-ல் 1.750 என்றால் 20 சதவீதத்துக்கு மேல். “நீங்க குடுத்தது கம்பளியா இருந்தாத்தானேங்க ஈரம் குடிக்கும்?” என்றேன். கம்பளி என்று சாதித்தால் எரித்த குண்டுமணி இருக்கிறது, இல்லை என்று ஒப்புக்கொண்டால் எடை எங்கே போனது என்று சொல்லியாக வேண்டும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் “டவர் கிடைக்கலீங்க” என்று வைத்துவிட்டார்.

எடை போன வழியைப் பையன்தான் கண்டுபிடித்தான். கடையில் சும்மா வீடியோ எடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறான், அதில் ஒரு மூலையில் தராசு தெரிகிறது. துணி போடுவதற்கு முன்னால், காலிப் பெட்டி மட்டும் இருக்கும்போது, சிவப்பு எழுத்தில் 1.740. பெட்டியை வைத்த பிறகு பூஜ்யத்துக்குக் கொண்டுவரவே இல்லை. தக்காளிப் பெட்டியையும் கம்பளி விலைக்கு வாங்கியிருக்கிறேன், அதையாவது வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம்.

ஆகவே கிலோக் கணக்கில் துணி வாங்கினால் காலிப் பெட்டி வைத்ததும் பூஜ்யம் காட்டச் சொல்லுங்கள், எண் உங்கள் பக்கம் இருக்கட்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும், அந்தச் சான்றிதழை மாட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, அங்கேயே புகார் சொல்லலாம், இல்லாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. துணியில் லேபிளைப் பார்ப்பதைவிட லேபிளைத் தைத்த நூலைப் பாருங்கள். வாஷ்கேர் லேபிளை வெட்டியிருந்தால் திருப்பி வைத்துவிட்டு இறங்கி வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஊட்டிக்காரர்களுக்கு அநியாயம் செய்ததாகும். அன்று சாயங்காலமே தாவரவியல் பூங்காப் பக்கம் திபெத்தியர்கள் ஸ்வெட்டர் விற்கிற இடத்துக்கும் போனோம். மாமியார் ஒரு சால்வையை எடுத்து “கம்பளிங்களா?” என்று கேட்க, அந்த அம்மா, “இல்லைம்மா, அக்ரிலிக், லூதியானா. கம்பளி வேணும்னா இது, விலை ஜாஸ்தி” என்று வேறொன்றைத் தனியாக எடுத்துக் காட்டினார். மூட்டை நிறைய ‘அசல் கம்பளி’ காரில் இருக்கிற மிதப்பில் நான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றேன். மாமியார் அந்த விலை ஜாஸ்தியையே வாங்கிக்கொண்டார். அதிலும் இரண்டு நூல் உருவிக் கொளுத்திப் பார்த்துவிட்டேன், அவருக்குத் தெரியாமல். முடி கருகிய நாற்றம் அடுப்படி முழுக்க.

வீடியோவிலிருந்து அந்த 1.740 தெரிகிற படத்தை எடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. நேற்று ராத்திரி ஜிபேயில் 500 ரூபாய் வந்து விழுந்திருக்கிறது, ஒரு வார்த்தை இல்லை. பாக்கி 287 ரூபாய் 50 காசு என்று பதில் போட்டிருக்கிறேன், நீலக் குறி விழுந்துவிட்டது.