நெல் திருவிழாவில் வாங்கும் இரண்டு கிலோ விதை: எதைப் பார்த்து வாங்குவது, எங்கே கோட்டை விடுகிறோம்

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006ல் நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவுக்கு உயிராக இருப்பது ஒரே ஒரு விதி. வருகிற விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் இலவசம். அடுத்த ஆண்டு அவர் அதை 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பத்திரம் கிடையாது, பிணை கிடையாது, வாய்ச்சொல்தான். இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் 174 ரகங்கள் மீண்டும் வயலுக்கு வந்தன. அவர் 2018 டிசம்பரில் மறைந்த பிறகும் திருவிழா நிற்கவில்லை. அதே முறையைப் பின்பற்றி இன்று பல மாவட்டங்களில் நெல் திருவிழாக்களும் விதைத் திருவிழாக்களும் நடக்கின்றன.

பாரம்பரிய நெல்லைப் பயிரிட்டு, அரிசியாக்கி, விற்றுப் பிழைக்க நினைக்கும் ஒருவருக்கு இந்தக் கூட்டங்கள் எந்த அளவு கைகொடுக்கின்றன என்பதுதான் இந்த மதிப்பீடு. சுருக்கமாகச் சொன்னால், விதைக்கு முழு மதிப்பெண் தரலாம். விதையோடு கூட வர வேண்டிய தகவலுக்குப் பாதிதான். நெல்லை அரிசியாக்கிக் காசாக்கும் வழிக்குக் காலே அதிகம். மேடைப் பேச்சைத் தவறவிட்டால் பெரிய நஷ்டமில்லை. மதியச் சாப்பாட்டைத் தவறவிட வேண்டாம். ஒரு ரகத்தின் சோறு எப்படி இருக்கும் என்று இலையில் பார்த்துவிட்டு விதை வாங்குகிற வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது.

2 கிலோ எதற்குப் போதும் என்ற கேள்வி எல்லாருக்கும் வருகிறது. வழக்கமான நடவுக்கு ஏக்கருக்கு 20 முதல் 30 கிலோ விதை பாவுகிறவர்களுக்கு இது கைப்பிடி அளவாகத்தான் தெரியும். ஆனால் ஒரு குத்துக்கு, அதாவது நடும் ஒவ்வோர் இடத்துக்கும், ஒரே நாற்று வைக்கும் ஒற்றை நாற்று முறையில் கணக்கே வேறு. தடித்த மணி ரகத்தில் ஆயிரம் மணி ஏறத்தாழ 25 கிராம் வரும். அப்படியானால் 2 கிலோவில் 80,000 மணிகள். முளைப்பு 80 சதவீதம் என்றால் 64,000 நாற்று. 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சதுர மீட்டருக்கு 16 குத்து, ஏக்கருக்கு 64,750 குத்து. காகிதத்தில் ஏக்கர் முழுவதும் வந்துவிடுகிறது. பதரை நீக்கி, நாற்று பட்டுப்போன இடத்தை நிரப்பக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 70 சென்ட் நம்பி நடலாம். காட்டுயானம் போல ஆளுயரம் தாண்டும் ரகத்துக்கு 30 சென்டிமீட்டருக்குக் குறைந்து நடவே கூடாது என்பதால் அதில் ஏக்கரே தாராளமாக வரும். சீரகச் சம்பாவில் மணியின் எடை ஏறத்தாழ பாதிதான். ஆகவே அதே 2 கிலோ இரண்டு மடங்கு பரப்புக்கு வரும். ரகத்துக்கு ரகம் மணி எடை மாறும்போது எல்லாருக்கும் ஒரே 2 கிலோ என்பது சமமில்லைதான். ஆனாலும் வரிசையில் நிற்கும் கூட்டத்தில் இதைவிட எளிய விதி சாத்தியமில்லை.

பையைக் கையில் வாங்கியதும் அங்கேயே செய்ய வேண்டிய சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் பத்தில் ஒருவர்கூடச் செய்வதில்லை. ஒரு கைப்பிடி நெல்லை வெள்ளைத் தாளில் பரப்புங்கள். உமியின் நிறம், மணியின் நுனியில் முடி போன்ற மீசை இருக்கிறதா இல்லையா, மணியின் நீளம் மூன்றையும் பாருங்கள். பிறகு அங்கும் இங்குமாக இருபது மணியை எடுத்து நகத்தால் உமி உரியுங்கள். மாப்பிள்ளைச் சம்பா என்றால் உள்ளே சிவப்பு. தூயமல்லி என்றால் வெள்ளை. கருப்புக் கவுனி என்றால் கறுத்த ஊதா. மாப்பிள்ளைச் சம்பாவில் இருபதுக்கு இரண்டு வெள்ளை மணி வந்தாலே அது கலப்பு விதை. வேறு பையைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். நன்கு காய்ந்த விதை 'கடக்'கென்று உடையும். நசுங்கினால் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். அந்த விதை ஆடி வருவதற்குள் பூசணம் பிடித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முளைப்புத்திறன் பார்க்க வேண்டும். 100 மணியை எண்ணி, நனைத்த சாக்குத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் ஒரு வாரம் வைத்தால் போதும். 80க்குக் குறைந்தால் நாற்றங்காலில் விதையைக் கூட்ட வேண்டும். 60க்கும் கீழே போனால் பரப்பைக் குறைத்து, விதைப் பெருக்கத்துக்கு மட்டும் நடுங்கள். விதைப்பதற்கு முன் உப்புக்கரைசல். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல் உப்பு. புது முட்டையைப் போட்டால் நாலணாக் காசளவு மேலே தெரிய வேண்டும், அதுதான் பதம். மிதப்பதை அள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளை கருகும். மீசை ரகங்களில் ஒரு எச்சரிக்கை: மீசையில் காற்றுக் குமிழ் ஒட்டி நல்ல விதையும் மிதக்கும். கையால் நன்றாகக் கலக்கிவிட்டு, இரண்டு நிமிடம் பொறுத்த பிறகே மிதப்பதை அள்ளுங்கள். ஊறப்போடும் முன் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியைக் கலக்கலாம், அல்லது பசுஞ்சாணமும் கோமியமும் சேர்ந்த பீஜாமிர்தத்தில் நேர்த்தி செய்யலாம்.

இந்தத் திருவிழாக்களின் பெரிய குறை பையில் ஒட்டும் சீட்டு. ரகத்தின் பெயர் இருக்கும், வயது இருக்கும், அதற்குக் கீழே மருத்துவக் குணம் நாலு வரி இருக்கும். எந்தப் பட்டத்தில், அதாவது எந்த விதைப்புப் பருவத்தில், விதைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் இருக்காது. பல புதியவர்கள் முதல் ஆண்டிலேயே கையைச் சுட்டுக்கொள்வது இதனால்தான். சம்பா ரகங்கள் பலவும் பகல் பொழுது குறுகினால்தான் பூக்கும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு 160 நாள், காட்டுயானத்துக்கு 180 நாள் என்று சொல்வதெல்லாம் அதனதன் பட்டத்தில் விதைத்தால் வருகிற கணக்கு. திருவிழா மே மாதம் முடிகிறது, மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ல் திறக்கிறது. வாங்கின சூட்டோடு சூடாகச் சம்பா விதையைக் குறுவைப் பட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். பயிர் பூக்காமல் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். வடகிழக்குப் பருவமழை வரும்போது இடுப்பைத் தாண்டிய பயிர் ஒரே இரவில் படுத்துவிடும். பாரம்பரிய ரகம் என்றாலே சாயும் என்ற கெட்ட பெயருக்கு இதுவும் ஒரு காரணம். குறுவைக்கு என்றால் அறுபதாம் குறுவை, பூங்கார், கருங்குறுவை கேளுங்கள். சம்பா ரகங்களை ஆவணி வரை பொறுத்து விதையுங்கள். யூரியா கொட்டிப் பழகிய நிலமாக இருந்தால் முதல் போகத்தில் தழைச்சத்து தனியாக எதுவும் வேண்டாம். நிலத்தில் மிச்சமிருப்பதே நெட்டை ரகத்துக்கு அதிகம்.

அடுத்தது கலப்பு. 2 கிலோ கொடுத்து 4 கிலோ வாங்கும் முறையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. திரும்பி வருகிற 4 கிலோவில் 2 கிலோ அப்படியே இன்னொருவர் கைக்குப் போகிறது. ஒருவர் வயலில் கலந்த விதை சில ஆண்டிலேயே பல வயலுக்குப் போய்விடும். கலப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டால் பலரும் மகரந்தத்தைக் கைகாட்டுவார்கள். நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், பக்கத்து ரகத்துக்கும் இதற்கும் 3 மீட்டர் இடைவெளி விட்டால் போதும். நிஜமான கலப்பு அறுவடை இயந்திரத்தில் நடக்கிறது. முந்தின வயலில் அறுத்த நெல் அதன் தொட்டியிலும் சல்லடையிலும் கிலோக்கணக்கில் தங்கியிருக்கும். விதைக்கு என்று வயலின் நடுவில் பத்து சென்ட்டை ஒதுக்கி, ஆள் வைத்து அறுத்து, கட்டடித்து எடுப்பது ஒன்றே வழி. அந்தப் பத்து சென்ட்டில் தூர் கட்டும்போது ஒரு முறை, பூக்கும்போது ஒரு முறை, கதிர் பழுக்கும்போது ஒரு முறை இறங்கி, வேற்று ரகச் செடிகளான கலவன்களைப் பிடுங்க வேண்டும். முந்திப் பூத்தது, பிந்திப் பூத்தது, தண்டின் நிறம் மாறியது, தலை உயர்ந்து நிற்பது எல்லாம் வேரோடு வெளியே. திருவிழா நடத்துபவர்கள் திரும்பி வரும் விதையை எடை மட்டும் போடாமல், இந்த இருபது மணி உரித்துப் பார்க்கும் சோதனையையும் ஒரு மேசையில் வைத்தால் பாதி நோய் தீர்ந்துவிடும். அதற்கு ஒரு வெள்ளைத் தாளும் ஓர் ஆளும் போதும்.

இனி வியாபாரம். அரங்குகளில் அவல், பொரி, புட்டு மாவு, கஞ்சி மாவு, சத்துமாவு என்று மதிப்புக்கூட்டிய பொருட்கள் வரிசையாக இருக்கும். சுவையில் குறை சொல்ல முடியாது. கவனிக்க வேண்டியது பையின் பின்பக்கம்: பொதி செய்த தேதி, நிகர எடை, தயாரித்தவர் முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண். இவை இல்லாத பை திருவிழாவில் விலைபோய்விடலாம், கடையில் வைக்க முடியாது. சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் வராது என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இது சட்டப்படியும் தவறு, மனிதர்களுக்கும் தீங்கு. தீட்டாத அரிசியில் நாரும் சத்தும் கூடுதல், அது உண்மை. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். மருந்தை நிறுத்திவிட்டுக் கவுனிக் கஞ்சி குடிக்கச் சொல்லும் கடையைத் தாண்டிப் போங்கள்.

விற்பனைக் கணக்கை யாரும் மேடையில் விரித்துச் சொல்வதில்லை. ஏக்கருக்கு 18 மூட்டை விளைகிறது, மூட்டை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,080 கிலோ நெல். உமி மட்டும் நீக்கிய முழு அரிசியாக எடுத்தால் நூற்றுக்கு 75 வரை வரும், கிட்டத்தட்ட 800 கிலோ. ஒரு தீட்டுத் தீட்டிப் பச்சரிசியாக எடுத்தால் 65, அதாவது 700. நெல்லாக வியாபாரியிடம் கொடுத்தால் குண்டு நெல் விலைதான் கிடைக்கும். லாபம் முழுக்க அரைவையில் இருக்கிறது, சிக்கலும் அங்கேதான். பெரிய ஆலைகள் பத்து மூட்டைக்காக இயந்திரத்தை ஓட்ட மாட்டா. ஓட்டினாலும் முந்தின அரிசி இதில் கலக்கும். உமி நீக்கிய பச்சரிசியில் தவிட்டு எண்ணெய் சில வாரங்களிலேயே காறல் எடுக்கத் தொடங்கும், வண்டும் சீக்கிரம் பிடிக்கும். அவித்துக் காயவைத்து அரைத்தால் எண்ணெயைக் கெடுக்கும் நொதி வெப்பத்தில் செயலிழந்துவிடுவதால் அரிசி கூடுதல் நாள் தாங்கும். முதல் ஆண்டு விற்பனைக்குப் புழுங்கலே பாதுகாப்பு. பச்சரிசி கேட்பவருக்கு நெல்லாக வைத்திருந்து மாதாமாதம் அரைத்துக் கொடுங்கள்.

இங்கேதான் கூட்டம் கூடுவதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. பத்து மூட்டையை அரைக்காத ஆலை, ஐந்து பேர் ஒரே ரகத்தில் ஐம்பது மூட்டை கொண்டுபோனால் ஒரு நாள் ஒதுக்கும். இயற்கை விளைபொருள் என்று சான்று வாங்க வேண்டுமானாலும் பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாத முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். அந்த மற்ற நான்கு பேரை வேறெங்கே தேடுவது? விதை வாங்கும் வரிசையில் உங்கள் வட்டத்துக்காரர் யார், யார் அதே ரகம் வாங்குகிறார் என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஊரும் ரகமும் எழுதித்தான் விதை தருகிறார்கள். அந்தப் பதிவேட்டை வட்டம் வாரியாக ஒரு பலகையில் ஒட்டினாலே இந்தச் சேவையின் தரம் ஒரு படி உயரும்.

விதை விற்பனை பற்றியும் பயம் வேண்டாம். 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விவசாயி தன் விளைச்சலில் விதை எடுக்கவும், பரிமாறவும், விற்கவும் உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயர் அச்சிட்டு விதையாக விற்பதற்குத்தான் தடை.

திருப்பித் தரும் 4 கிலோவைப் பற்றி. கட்டடித்த நெல்லைக் காலை 8 முதல் 12 வரை, பிறகு மாலை 3 முதல் 5 வரை காயவையுங்கள். உச்சி வெயிலில் சிமெண்டுக் களத்தில் போட்டால் முளை செத்துவிடும். புதுச் சாக்கோ துணிப்பையோ, காய்ந்த நொச்சி, வேப்பிலை, புங்க இலையோடு. வைக்கோல் பிரி சுற்றி விதைக்கோட்டை கட்டத் தெரிந்த பெரியவர் ஊரில் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. சீட்டில் ரகத்தின் பெயரோடு விதைத்த தேதி, பூத்த தேதி, அறுத்த தேதி, நிலம் மேடா பள்ளமா, மழையில் சாய்ந்ததா நின்றதா என்று எழுதி ஒன்றைப் பைக்கு உள்ளேயும் ஒன்றை வெளியேயும் வையுங்கள். வெளிச்சீட்டு வழியில் கிழிந்துபோகும்.