காத்தடிக்கிற கயாக் வாங்கி எட்டு மாசம்: ஓட்ட சூப்பர், காய வைக்கத்தான் சீவன் போகுது

ரெண்டு பேர் உக்காந்து துடுப்பு போடற கயாக், அதாவது சின்னப் படகு, ஆன்லைன்ல 14,500 ரூவாய்க்கு வாங்குனது. கம்பெனி பேரு வேணாமுங்க.

ஓட்டறதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. கைப்பம்புல பத்து நிமிசம் அடிச்சா கல்லு மாதிரி நிக்குது, நானும் மச்சானும் சேந்து நூத்தம்பது கிலோ தேறுவோம், அசரல. துடுப்பு மட்டும் சுமார், ஜாயிண்டு ஆடுது.

பிரச்சனையே கரைக்கு வந்தப்பறம்தான். அடிமெத்தைக்கும் வெளித்தோலுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு, அதுக்குள்ள போன தண்ணி லேசுல வெளிய வராது. வடியறதுக்கு ஓட்டை ஒண்ணு வெச்சிருக்கான், அதையும் பின் நுனியில வெக்காம ஒரு சாண் தள்ளி வெச்சிருக்கான், எப்படிச் சாச்சாலும் ரெண்டு சொம்பு தண்ணி உள்ளயே நிக்கும். அப்புறம் அடியில ஃபின் (படகு நேராப் போறதுக்கு வெக்கிற தகடு) சொருகற காடி. அதுல விரல் போகாது, ஆனா செடி போகும்.

எப்படித் தெரியும்னா, நொய்யல் தண்ணி வர்ற ஒரு குளத்துல மீன் குத்தகைக்காரர்கிட்ட கேட்டுட்டு ஒரு ஞாயித்துக்கிழமை எறக்குனோம், பாதிக் குளம் ஆகாயத்தாமரை, அன்னைக்கு ஈரத்தோட சுருட்டிப் பையில திணிச்சு மறுநாளே கோபியில மாமா தோட்டத்துப் பண்ணைக்குட்டையில போட்டுட்டேன். ஒரு மாசங்கழிச்சு மாமா போன் பண்றாரு, "ஏனுங் மாப்ள, படகு உட வந்தீங்களா, செடி நட வந்தீங்களா?" போய்ப் பாத்தா மூலையில மொறம் அகலத்துக்குப் பச்சை. அந்தக் குட்டைக்கு போர் தண்ணி மட்டுந்தான், வேற எங்கிருந்து வரும்? வீட்டுக்கு வந்து காடிக்குள்ள டார்ச் அடிச்சா கருப்பு மயிராட்டம் வேர், குண்டுக் காம்போட காஞ்சு ஒட்டிக்கெடக்குது.

தென் அமெரிக்காவுல அமேசான் ஆத்துப் பக்கத்துச் செடிங்க அது. சூடும் சாக்கடைச் சத்தும் கெடைச்சா ரெண்டு வாரத்துல ரெட்டிப்பாயிரும், விதை சேத்துல இருபது வருசம் வரைக்கும்கூடக் கெடந்து மொளைக்கும். நல்லவேளை பூ வர்றதுக்குள்ள அரிச்சு எடுத்தாச்சு, வாய்க்கால்ல வீசாம வரப்புலயே வெயில்ல போட்டுட்டோம்.

படகோட ஒட்டிட்டுப் போறது செடி மட்டுமில்ல. அமெரிக்கா-கனடா எல்லையில இருக்கற செயின்ட் கிளேர் ஏரியில 1988ல ஜீப்ரா மஸ்ஸல்னு ஒரு சிப்பியைக் கண்டுபிடிச்சாங்க, கப்பல்ல அடைச்ச தண்ணியில வந்தது, அப்புறம் ஏரிக்கு ஏரி சின்னப் படகுங்கதான் சொமந்துட்டுப் போச்சு. குஞ்சு கண்ணுக்கே தெரியாது, படகுல நின்ன தண்ணியிலயே போயிரும். அமெரிக்காவுல சில மாநிலத்துல இப்ப படகை ரோட்டுலயே நிறுத்திப் பாத்து, சிப்பி இருந்தா 60 டிகிரி வெந்நியில கழுவித்தான் விடறாங்க. நம்ம கயாக்கோட வந்த புக்குல என்ன போட்டிருக்குன்னா, "துடைத்து வைக்கவும்". அவ்வளவுதான். கஸ்டமர் கேர்ல கேட்டா "வெயில்ல போடாதீங்க சார், பிவிசி கெட்டுரும்"ங்கறாங்க, அப்ப எங்க போடறது?

இப்ப நான் பண்றது: கரையிலயே ஃபினைக் கழட்டி பழைய டூத் பிரஷ்ல காடியை நோண்டிட்டு, சாச்சு ஒதறி, வீட்டுல பாதிக் காத்தோட போர்டிகோவுல தொங்க விட்டு சந்துக்குள்ள டேபிள் ஃபேன். அஞ்சு நாளு. அதுவரைக்கும் வேற தண்ணியில எறக்கறதில்ல. வாங்கறதா இருந்தா ஸ்டாரைப் பாக்காதீங்க, மெத்தை தனியா கழண்டு வருதான்னு பாருங்க.

ஓட்டறதுக்கு நாலரை, காய வைக்க ஒண்ணு. கூட வந்த பை நல்ல கெட்டியான பை, இப்ப அதுல வீட்டம்மா தேங்காய் போட்டு வெச்சிருக்காங்க.