வீட்டுப் பத்திரமும் பெரிய காலேஜும்: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் வங்கிக் கிளையில் கல்விக் கடன் மேசை முன்னால் நாற்காலி காலியாகவே இருக்காது. பதினோரு வருஷமாக அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷம் எதிரே வந்து உட்கார்ந்தது என் அக்கா. மஞ்சப்பைக்குள்ளிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்தாள். மடிப்பெல்லாம் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிய பத்திரம். "இவன் கேக்குற காலேஜுக்கு நாலு வருஷத்துக்கு இருபது லட்சம் ஆகுமாம்டா" என்றாள்.

மகனின் கட்-ஆஃப் 200-க்கு 188. அரசு நடத்தும் பொறியியல் கவுன்சலிங்கில் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைக்க வாய்ப்பு இருந்தது. அவனுக்கோ கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அந்த சீட் தயாராக இருந்தது. அவர்கள் வைத்த நுழைவுத் தேர்வில் எடுக்கும் ரேங்கைப் பொறுத்துத்தான் கட்டணம். இவன் ரேங்க் பின்னால் போயிருந்ததால் அது மேல்படியில் நின்றது.

"பெரிய காலேஜ்" என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவை ஒரே சரக்கு அல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். கல்விக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு செமஸ்டருக்கு 1 லட்சம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணமே இல்லை. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முழு விலக்கு, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. அங்கே இடம் கிடைத்த பிள்ளையின் பெற்றோரிடம் நான் யோசனையே சொல்வதில்லை, படிவத்தைத்தான் நீட்டுவேன்.

கிண்டி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம். பெயரிலும் பழமையிலும் அதற்கு ஈடு சொல்வது கடினம், கட்டணமோ தனியார் கல்லூரிகளின் பக்கத்தில்கூட வராது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங் வழியாகச் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு. அக்காவும் அத்தானும் பத்தாவது தாண்டாதவர்கள், ஆகவே இவனுக்கு அது பொருந்தும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கவுன்சலிங்குக்குள் வராததால் சலுகையும் அங்கே செல்லாது. மேசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆய்வகம் நன்றாக இருக்கிறது, கம்பெனிகள் வருகின்றன. நல்ல ரேங்க் எடுத்துக் கீழ்ப்படிக் கட்டணத்தில் சேர்கிற பிள்ளையை நான் தடுக்க மாட்டேன். இருபது லட்சம்தான் என்னை உறுத்தியது. 10.5 சதவீத வட்டியில் பத்து வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 27,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் ஏறும். பெரிய ஐ.டி. கம்பெனிகள் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுக்கும் ஆண்டுச் சம்பளம் பல வருஷமாக மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. கைக்கு வருவது அந்தத் தவணைக்குக்கூடக் காணாது. 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குப் பொதுவாக அடமானம் கேட்போம். அந்தக் கிழிந்த பத்திரம் மேசைக்கு வந்தது அதனால்தான்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. ஒரே தகுதியுள்ள மாணவர்கள் பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போனாலும் போகாவிட்டாலும் பின்னாளில் சம்பளம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல கல்லூரி பலன் தந்தது. கை கொடுத்துத் தூக்கிவிட ஆளில்லாத வீட்டுக்குத்தான் சீனியர்களும் அந்தப் பெயரும் அதிகம் தேவை. அதனால் நான் கிண்டிக்கே வாதாடினேன். சிவில் முடித்து மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி. எம்.டெக். வரை போகலாம், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு.

"மாமா, எனக்கு சிவில் வேணாம். வேணும்னா சின்ன காலேஜா இருந்தாலும் பரவால்ல, கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுக் குடுங்க" என்றான். இரண்டு வருஷமாக ராத்திரி பழைய லேப்டாப்பில் பைதான் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறவன். ஆசை உண்மையானது என்று தெரிந்தது. அப்போதுதான் எங்கள் பேச்சில் அதுவரை வராத இன்னொரு வழி கண்ணில் பட்டது: அவன் கேட்கிற பாடம், அரசுக் கல்லூரி, கொஞ்சம் சின்னப் பெயர்.

சாய்ஸ் பட்டியலில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.) கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலில், அதே பாடத்துக்கு காரைக்குடி அழகப்பச் செட்டியார் கல்லூரி இரண்டாவது, சேலம் அரசு பொறியியல் கல்லூரி மூன்றாவது. கிண்டி சிவில் நான்காவதாகப் போனதில் எனக்கு இன்னும் மனக்குறை உண்டு. கிடைத்தது காரைக்குடி. கூடவே சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் தகுதிச் சுற்றுக்கும் விண்ணப்பித்தான். அதற்கு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. தேவையில்லை, இரண்டு பட்டப்படிப்பை ஒரே நேரத்தில் படிக்க 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதிக்கிறது. வாரம் முழுக்க வகுப்புக்குப் போய்விட்டு இதையும் சுமப்பது லேசல்ல, இப்போது பாதி பாடத்தில் திணறுகிறான்.

விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் மட்டும் அடமானம் இல்லாமல் சின்னதாக ஒரு கடன் போட்டோம். பத்திரத்தை அக்கா அன்றைக்கே மஞ்சப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.