சம்பூர்: நிலக்கரியா, சூரிய ஒளியா?

திருகோணமலை மாவட்டம் சம்பூரில் முதலில் வரவிருந்தது 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம். 2006இல் போரால் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பிய சனம் அதை எதிர்த்தது, 2016இல் கைவிடப்பட்டது. இப்போது அங்கே சூரிய மின்சாரத் திட்டம், முதற்கட்டம் 50 மெகாவாட்.

நிலக்கரி இரவு பகலாக மின்சாரம் தரும், உண்மைதான். ஆனால் புத்தளம் மாவட்டத்தில் நிலக்கரி மின் நிலையம் இயங்கும் நுரைச்சோலையைப் பாருங்கள்: காற்று பலமாக வீசினால் சாம்பல் தூசி வீட்டுக்குள்ளும் தோட்டத்து இலைகளிலும் படிகிறது என்று ஊரார் முறையிடுகிறார்கள். சம்பூரில் என்றால், இயந்திரத்தைக் குளிரவைத்து வெளியேறும் சுடுநீர் கடலில் கலந்திருக்கும். அங்கே வலை போடுகிறவர்கள் எங்கே போவார்கள்?

சூரியத் தகடுக்குப் புகையில்லை, சாம்பலில்லை, ஆனால் மாலையில் ஓய்ந்துவிடும். இருந்தாலும் என் தெரிவு இதுதான். ஆனால் இதற்கும் நிறையக் காணி வேண்டும். மாடு மேயும் தரவையை வேலிக்குள் அடைக்குமுன் ஊராரைக் கேட்டே ஆகவேண்டும்.