அடைபட்ட இடுப்புச் சிரை: கிளைவழியா, ஸ்டென்ட்டா?

இடுப்புச் சிரை நாட்பட அடைபட்டிருந்தால், காலிலிருந்து திரும்பும் இரத்தம் குறுக்காக மறுபக்கச் சிரைகளுக்கும், முதுகெலும்பையொட்டி மேலேறி, மார்பின் பின்புறமுள்ள அசைகோஸ் சிரைக்கும் தானாகவே வழி தேடிக்கொள்கிறது. வீக்கம் மிதமாக உள்ளவர், அழுத்தக் காலுறையுடன் இந்தக் கிளைவழிகளையே நம்பியிருப்பதில் தவறில்லை. ஆனால், நடக்கும்போது இரத்தவரத்து பெருகித் தொடை வெடித்துவிடுவதுபோல் வலித்தால், அவை திணறுகின்றன என்று பொருள்: ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 16 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிரைக்கு ஈடாக, அதே நீளமுள்ள 4 மி.மீ. சிரைகள் 256 தேவைப்படும். சிரைக்குள் வைத்து விரிக்கப்படும் வலைக்குழாயான ஸ்டென்ட் அந்த அகலத்தை மீட்டுத் தருகிறது. எனினும், தொடைச் சிரையிலிருந்து போதிய வரத்து இல்லாவிட்டால் அதற்குள்ளும் இரத்தம் உறைந்துவிடக்கூடும். எதைத் தேர்ந்தாலும், அடிவயிற்றின் கீழ்ப்பகுதியில் புடைத்துத் தெரியும் சிரையை வெறும் சுருள்சிரை என்றெண்ணி அகற்றிவிடக் கூடாது. அதுவே காலின் வடிகாலாக இருக்கலாம்.