விண்டோஸ் 10-க்குப் பிறகு: பணம் கட்டுவதா, மிஷினை மாற்றுவதா, லினக்ஸுக்குப் போவதா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. மறுநாள் காலையும் எல்லா கம்ப்யூட்டரும் வழக்கம்போல ஆன் ஆகின. ‘ஒண்ணும் ஆகலையே’ என்று அப்படியே விட்ட ஆபீஸ்கள் ஏராளம். ஐந்து முதல் ஐம்பது சிஸ்டம் வரை வைத்திருக்கும் அலுவலகங்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளுக்கு இதைப் பார்க்கத் தனி டீமே இருக்கும்.

பணம் கட்டி நீட்டிப்பது

இஎஸ்யூ எனப்படும் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் நிறுவனங்களுக்கு ஒரு மிஷினுக்கு முதல் வருடம் 61 டாலர், இரண்டாம் வருடம் 122, மூன்றாம் வருடம் 244. மொத்தம் 427 டாலர். 2028 அக்டோபரோடு அதுவும் முடிந்துவிடும். ‘இந்த வருடம் சும்மா ஓட்டிவிட்டு அடுத்த வருடம் சேரலாம்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. தாமதமாகச் சேர்ந்தால் விட்டுப்போன வருடத்துக்கும் சேர்த்தே கட்ட வேண்டும். தனிநபர்களுக்கு 30 டாலருக்கும், சில வழிகளில் இலவசமாகவும் கிடைத்த ஒரு வருட நீட்டிப்பு வேறு; டொமைனில் (ஆபீஸின் மைய நிர்வாக நெட்வொர்க்கில்) சேர்த்த ஆபீஸ் மிஷின்களுக்கு அது பொருந்தாது.

பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. வேர்டு, எக்ஸெல் அடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே அக்டோபர் 14-இல்தான் ஆதரவு முடிந்தது. விண்டோஸுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டுப் பழைய எக்ஸெல்லில் மெயிலில் வரும் ஃபைல்களைத் திறந்துகொண்டிருந்தால், வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைத்த கதைதான். சந்தா கட்டும் மைக்ரோசாஃப்ட் 365 என்றால் விண்டோஸ் 10-இலும் 2028 அக்டோபர் 10 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

என்னைக் கேட்டால் இஎஸ்யூ ஒரு வருடத்துக்கு மட்டும் சரி. லேபிள் பிரிண்டர், சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் வெட்டு எந்திரம்), பழைய பில்லிங் என்று ஏதோ ஒன்றோடு பிணைந்திருக்கும் மிஷினுக்கு அது அவகாசம் தரும். இரண்டாம் வருடமும் கட்டினால் தொகை 183 டாலர் ஆகிறது. அந்தப் பணத்தைப் பழைய பெட்டியில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

விண்டோஸ் 11

விண்டோஸ் 11-க்கு மாற முயன்று ‘இந்த பிசி தகுதியற்றது’ என்று வந்ததுமே புது மிஷினுக்குக் கொட்டேஷன் கேட்கிறார்கள். அவசரம் வேண்டாம். ரன் பெட்டியில் வின்வெர் (winver) அடித்து, முதலில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-தானா என்று பாருங்கள். பிறகு பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) போனால் இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் ஒரு ஆப்ஷன் இருக்கும். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியின் சுவிட்ச் இதுதான்; வசதி இருந்தும் இது ஆஃப் ஆகியிருப்பது சகஜம். ஹார்டு டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகுதி பிரிப்பு முறையில் இருந்தால், விண்டோஸோடு வரும் கருவியைக் கொண்டே டேட்டா அழியாமல் ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றி, யூஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி) இரண்டையும் இயக்கலாம். பேக்கப் எடுக்காமல் இதில் கை வைக்கக் கூடாது. டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்த பிறகுதான் பயாஸ் பக்கமே போக வேண்டும்.

பிராசஸரில் மட்டும் சமரசம் கிடையாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசையிலிருந்து. ஏழாம் தலைமுறை ஐ5-7500 நன்றாகவே ஓடினாலும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050-உம் 3060-உம் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 3060-தான் எட்டாம் தலைமுறை. ஹெச்பி எலைட்டெஸ்க் 800 என்றால் ஜி3 வேண்டாம், ஜி4 கேளுங்கள். 4 ஜிபி ரேம் போதும் என்பது காகிதக் கணக்கு; 8 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டதால், ரேம் போட்டே வரும் ரீஃபர்பிஷ்டு மிஷின் இப்போது முன்பைவிட லாபம்.

தகுதி இல்லாத மிஷினில் சோதனையைத் தாண்டி நிறுவும் வித்தை யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. வீட்டில் செய்து பாருங்கள். கணக்கு வழக்கு இருக்கும் மிஷினில் வேண்டாம். அப்டேட் வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை.

லினக்ஸ்

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு வகை உபுண்டு. அதன் 24.04 பதிப்பு பழைய ஐ5-இலும் இலவசமாக ஓடும். 2029 வரை அடிப்படை ஆதரவு உண்டு. இடிக்கும் இடம் டாலிதான். அது விண்டோஸுக்கான கணக்கு மென்பொருள். கிளவுடில் வைத்து பிரவுசர் வழியே பார்க்கலாம், ஆனால் மாதா மாதம் செலவு. டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் பார்கோடு பிரிண்டரும் ஓடுகின்றனவா என்று ஒரு மிஷினில் சோதிக்காமல் இறங்காதீர்கள்.

ஜெர்மனியில் இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. முனிச் நகராட்சி பல வருடம் உழைத்து லினக்ஸுக்குப் போனது, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு வேறு வரிசையைப் பிடித்தது: விண்டோஸ் இருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்குப் பதிலாக இலவச லிப்ரே ஆபிஸ், பிறகு மெயிலுக்கு தண்டர்பேர்டு, லினக்ஸ் அதற்கப்புறம். சின்ன ஆபீஸுக்கும் இந்த வரிசையே தோது. லிப்ரே ஆபிஸில் மூன்று மாதம் முணுமுணுக்காமல் வேலை பார்க்கும் ஊழியருக்கு லினக்ஸ் பெரிய அதிர்ச்சியாக இராது.

எல்டிஎஸ்சி

விண்டோஸ் 10-இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பான ஐஓடி எல்டிஎஸ்சி 2021-க்கு 2032 ஜனவரி வரை ஆதரவு என்று சொல்லி ஆன்லைனில் மலிவாகக் கீ விற்பார்கள். அது மெஷினரி, கியாஸ்க் போன்ற ஒரே வேலைக்கான கருவிகளுக்கு உரிய லைசென்ஸ். ஆடிட் என்று ஒருவர் வந்து நின்றால் அந்தக் கீயைக் காட்ட முடியாது.

நானாக இருந்தால் ஆபீஸ் முழுக்க ஒரே முடிவு எடுக்க மாட்டேன். டாலியும் டோக்கனும் ஓடும் மிஷின்களுக்கு விண்டோஸ் 11. பிரவுசரும் மெயிலும் மட்டும் பார்க்கும் ரிசப்ஷன், ஸ்டோர் மிஷின்களுக்கு லினக்ஸ். பழைய கருவியோடு பிணைந்து கழற்ற முடியாத அந்த ஒன்றிரண்டுக்கு மட்டும் இஎஸ்யூ, அதுவும் அதை எப்போது கழற்றுவது என்று தேதி குறித்த பிறகு.